தைராய்டு குறைஞ்சிருச்சு

எனக்குத் தைராய்டு வந்தது தம்பி கல்யாணத்துக்கு மறு வருஷம். "வந்தது" என்று சொன்னால் டாக்டர்களுக்குச் சிரிப்பு. தைராய்டு என்பது எல்லார் கழுத்திலும் இருக்கிற ஒரு சுரப்பி, வரவும் போகவும் அது என்ன விருந்தாளியா என்று மதுரையில் ஒருத்தர் என் முகத்துக்கு நேராகவே கேட்டார். கேட்டுக்கொள்ளட்டும். ராஜபாளையத்தில் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். "அவளுக்குத் தைராய்டு இருக்கு", "எனக்குத் தைராய்டு கூடிருச்சு, அதான் முடி கொட்டுது". காய்கறிக் கடையில் நாலு பொம்பளைகள் நின்று பேசினால் அதில் பாதிப் பேச்சு இதுதான்.

அந்த வியாதி எனக்குப் புரிந்த விதம் ரொம்ப எளிது. காலையில் ரத்தம் எடுப்பார்கள், சாயங்காலம் தாள் வரும், அதில் ஓர் எண் இருக்கும். லேபில் உட்கார்ந்திருக்கிற பெண் தாளைக் கொடுக்கும்போதே, "யக்கா, கூடியிருக்கு, டாக்டரப் பாருங்க" என்று சொல்லிவிடும். டாக்டர் மாத்திரையின் பவரைக் கூட்டி எழுதுவார். அடுத்த தடவை எண் கொஞ்சம் இறங்கியிருக்கும். "பரவால்ல, கொறைஞ்சிருக்கு" என்பார்கள். சர்க்கரை மாதிரி, பிரஷர் மாதிரி, இதுவும் கூடினால் கெட்டது, குறைந்தால் நல்லது. இதற்கு மேல் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்று பல வருஷம் நிம்மதியாக இருந்தேன். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, செத்த நேரம் கழித்துக் காபி. எனக்கும் அதற்கும் அவ்வளவுதான் சகவாசம்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டைப் அடிக்கிறவள். மனு, பிராது, வக்காலத்து, எது வந்தாலும் தமிழிலும் இங்கிலீஷிலும் அடிப்பேன். தினமும் ராஜபாளையத்திலிருந்து பஸ். ஆள் குண்டு. பூசினாற்போல என்றெல்லாம் மழுப்ப மாட்டேன். மூன்று பேர் சீட்டில் நான் உட்கார்ந்தால் பக்கத்தில் இன்னொருத்தர்தான் உட்காரலாம். பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் காபியைக் குடித்துவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள்தான். ஒரு கட்டத்தில், இனி எவனுக்கும் காபி போட முடியாது என்று நானே சொல்லிவிட்டேன். வாய் எனக்குக் கொஞ்சம் நீளம். கோபமும் மூக்கு நுனியில் இருக்கும். கண்டக்டர் முதல் வக்கீல் வரை என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் குறைவு. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பின்னால் உடம்புக்குள் ஒரு கோளாறு உண்டாகி அது கோபமாக வெளியே வந்தபோது, கோளாறு என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அவள் எப்போதும் அப்படித்தானே என்று விட்டுவிட்டார்கள்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்கென்று இருந்தது ஒரே தம்பி. சேத்தூர்ப் பக்கத்துத் தோப்புகளில் மாங்காய் ஏற்றும் சின்ன வேன் ஒன்று வைத்து ஓட்டினான். நாற்பது வயது முடியவில்லை. கால் வீங்கியது, முகம் வீங்கியது, பிரஷர் என்று மாத்திரை தின்றுகொண்டிருந்தான், கடைசியில் பார்த்தால் இரண்டு கிட்னியும் போயிருந்தன. கழுத்தில் குழாய் போட்டு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். வேன் வீட்டு வாசலில் தார்ப்பாய் மூடி நின்றது. டயாலிசிஸ் முடிந்து வருகிற நாளில் அவனைக் கண்கொண்டு பார்க்க முடியாது, பிழிந்து போட்ட துணி மாதிரிக் கட்டிலில் கிடப்பான்.

மாற்றுக் கிட்னிதான் வழி என்றார்கள். அவன் பெண்டாட்டிக்குச் சர்க்கரை. அவளிடம் எடுக்க முடியாது. எனக்கும் அவனுக்கும் ஒரே ரத்த வகை. பிறகு என்ன யோசனை? மதுரைக்குப் போய், என்னிடம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று நின்றேன். கிட்னி டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எடை மிஷினில் ஏறச் சொன்னார்.

"இந்த எடையில உங்ககிட்ட எடுக்கக்கூடாதும்மா. ஆபரேஷன்லயும் ஆபத்து, பின்னாடி உங்களுக்கு மிச்சம் இருக்கிற கிட்னிக்கும் ஆபத்து. எடையைக் குறைச்சிட்டு வாங்க, பார்க்கலாம்."

"எம்புட்டுக் குறைக்கணும் சார்?"

அவர் ஓர் அளவு சொன்னார். அந்த எடையில் ஓர் ஆள் தனியாக இருக்கலாம்.

குறைத்துப் பார்த்தேன். சோற்றை விட்டேன். இனிப்பை விட்டேன். விடியும் முன்னே எழுந்து நடந்தேன். முட்டி வீங்கியதுதான் மிச்சம். தைராய்டு மந்தமாக இருக்கிறவர்களுக்கு எடை லேசில் இறங்காது என்றார்கள். அப்படிச் சில மாதங்கள் வீணாகப் போன பிறகு அந்த டாக்டரே, எடை குறைப்பதற்கென்று வயிற்றில் செய்கிற ஆபரேஷன் இருக்கிறது, யோசித்துப் பாருங்கள் என்றார். இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழம் தண்டிக்கு ஒரு குழாயாகத் தைத்துவிடுவார்களாம். பசி அடங்கும், நினைத்தாலும் நிறையச் சாப்பிட முடியாது, எடை இறங்கும்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் தம்பி கத்தினான்.

"யக்கா, ஒனக்கென்ன கிறுக்கா? எனக்கு ஒண்ணக் குடுக்கதுக்கு முன்னாடி ஒன் வயித்த வேற அறுக்கணுமா? அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம்."

"ஏலே, சும்மா கெட. ஒன்னய இங்க எவ கேட்டா? ஒரு அறுப்புக்கு ரெண்டு அறுப்பு, அம்புட்டுத்தான்."

அவன் பெண்டாட்டி அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே எனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். நான் உப்பு என்றால் அவள் புளி என்பாள். அன்றைக்கு வந்து என் காலடியில் உட்கார்ந்து அழுதாள். "ஏட்டி, எந்திரி, என்ன இது, போ, போயி அடுப்பப் பாரு" என்று அதட்டினேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் தம்பி பிடிவாதமாக நின்றான். கிட்னி கொடுக்கப்போவது எங்கள் மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியக்கூடாது.

"சொந்தக்காரன் ஒவ்வொருத்தனா வந்து ஒன்னயக் கொழப்புவான். ஒனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, அக்காளக் கொன்னுட்டான்னு என்னயச் சொல்லுவான். எல்லாம் முடியட்டும், பொறவு சொல்லிக்கிடலாம்."

சரி என்று அவன் கையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன்.

மதுரையில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முதல் சில வாரம் மோர், இளநீர், பருப்புத் தண்ணீர். ஒரு டம்ளர் மோரைக் குடித்து முடிப்பதற்குள் ஓய்ந்துபோய்விடுவேன். வீட்டுக்கு அனுப்பும்போது அங்கே உணவு பற்றிச் சொல்லிக்கொடுக்கிற பெண் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னாள். கால்சியம் மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் தைராய்டு மாத்திரையோடு சேர்த்துப் போடக்கூடாது, இடையில் நாலு மணி நேரம் விட வேண்டும். மூன்று மாதத்தில் ரத்தம் எடுத்துத் தாளோடு வந்து டாக்டரிடம் காட்ட வேண்டும். எடை இறங்க இறங்கத் தைராய்டு மாத்திரையின் அளவை மாற்ற வேண்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். மாற்றுவது என்றால் எனக்குக் கூட்டுவதுதான். அத்தனை வருஷத்தில் எந்த டாக்டரும் எனக்கு மாத்திரையைக் குறைத்ததே கிடையாது.

சொந்தக்காரர்கள் பார்க்க வந்தார்கள். ஒல்லியாவதற்கு ஆபரேஷன் என்பது ஊருக்குத் தெரிந்துபோயிற்று. எதற்காக ஒல்லியாக வேண்டும் என்பது தெரியாது. "தம்பிக்காரன் அங்க டயாலிசிஸ்ல கெடக்கான், இவளுக்கு இந்த வயசுல அழகு கேக்குது" என்று சித்தி முறையுள்ள ஒருத்தி என் காதில் விழும்படியே சொன்னாள். வேறு சமயமாக இருந்தால் அவளை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பேன். சத்தியம் பண்ணியிருந்தேனே! பல்லைக் கடித்துக்கொண்டு மோரைக் குடித்தேன்.

எடை இறங்கியது. ஜாக்கெட்டுகளை எல்லாம் பிடித்துத் தைக்கக் கொடுத்தேன். பஸ்ஸில் என் பக்கத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து வந்தார்கள். டயாலிசிஸ்காரர்கள் உடம்பில் தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று தினமும் எடை பார்ப்பார்கள். அதற்காகத் தம்பி வீட்டில் ஒரு மிஷின் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் போனால், முதலில் அவன் ஏறுவான், பிறகு நான்.

"யக்கா, நீ எறங்குத, நான் ஏறுதேன். ரெண்டு பேரும் நடுவுல எங்கயாவது சந்திச்சிருவோம்."

"தண்ணிய அளவாக் குடிலே, பேச்சுக்கு ஒண்ணும் கொறைச்சல் இல்ல."

அந்த நாட்கள் சந்தோஷமானவை. அதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக என் உடம்பு ஒரு நல்ல காரியத்துக்கு உதவப்போகிறது என்ற பெருமை எனக்கு இருந்தது.

மூன்று மாதம் ஆனதும் ராஜபாளையத்திலேயே ரத்தம் கொடுத்தேன். சாயங்காலம் தாளை வாங்கப் போனபோது லேபில் இருந்த பெண் எழுந்தே நின்றுவிட்டாள். "யக்கா! ஒங்களுக்குத் தைராய்டு எம்புட்டுக் கொறைஞ்சிருச்சு பாத்தீங்களா!" பார்த்தேன். எப்போதும் பெரிய எண்ணாக நிற்கிற இடத்தில் சைபர், புள்ளி, மறுபடி ஒரு சைபர், அதற்கப்புறம்தான் ஏதோ ஓர் எண். எழுத்து வேறு தடியாக அச்சடித்திருந்தது. பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கினவள் மாதிரித் தாளைப் பிடித்துக்கொண்டு நேரே தம்பி வீட்டுக்குப் போனேன்.

அவன் வாங்கிப் பார்த்தான். அவன் பெண்டாட்டி பார்த்தாள். "மதினி, தைராய்டே போயிருச்சு போலயே" என்றாள். ஆபரேஷனில் சர்க்கரை போனவர்கள் இருக்கிறார்கள், பிரஷர் மாத்திரையை விட்டவர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம். அந்த வரிசையில் இதுவும் என்று மூன்று பேரும் நம்பினோம். அப்படியானால் மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று தம்பி கேட்டான். "போடுததுனாலதான குறையுது, நிப்பாட்டுனா மறுபடி கூடிரும்" என்றேன் நான், பெரிய மேதாவி மாதிரி. தாளைக் காட்ட மதுரைக்குப் போக வேண்டிய தேதி அவனுடைய டயாலிசிஸ் நாளில் விழுந்தது. கூடியிருந்தாலாவது பரவாயில்லை, குறைந்ததைக் காட்ட ஒரு நாளைக் கெடுத்துக்கொண்டு போக வேண்டுமா என்று விட்டுவிட்டோம். மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் ஆண்டாள் கோயிலில் தம்பி பெயருக்கும் என் பெயருக்கும் அர்ச்சனை பண்ணினேன்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் இப்போது யோசித்தால் கையில் பிடித்துக் காட்டினாற்போல் தெரிகிறது. அப்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கைவசம் இருந்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது. சாப்பாடு போதவில்லை, பலவீனம் என்று நினைத்தேன். மார்கழியில் பஸ்ஸில் எல்லாரும் துண்டைப் போர்த்திக்கொண்டு வர எனக்கு மட்டும் வேர்த்துக் கொட்டியது. கொழுப்புக் கரைகிறது என்றார்கள், அதையும் நம்பினேன். தூக்கம் போயிற்று. தம்பியைப் பற்றிய கவலை என்று வைத்துக்கொண்டேன். எடை இன்னும் வேகமாக இறங்கியது. அதற்கு யார் வருத்தப்படப் போகிறார்கள்? சீக்கிரம் கொடுத்துவிடலாம் என்று மகிழ்ச்சிதான்.

கை நடுக்கம் மட்டும் வேலையில் காட்டிக்கொடுத்தது. ஒரு தடவை தட்டினால் இரண்டு எழுத்து விழுந்தது. ஒரு சொத்து வழக்கில் வாதி பெயரில் ஓர் எழுத்து இரட்டித்துப்போய், வக்கீல் அந்த மனுவைக் கொண்டுவந்து என் மேஜையில் போட்டார்.

"என்னம்மா இது? பதினஞ்சு வருஷமா அடிக்கிறீங்க, பேரைக்கூடச் சரியா அடிக்க வரலையா?"

"நீங்க எழுதுத கிறுக்கலுக்கு இம்புட்டு வந்ததே பெரிசு. வேணும்னா நீங்க ஒக்காந்து அடிங்க!"

சந்து முழுக்கக் கேட்டது. அவர் மரியாதையான மனிதர். தாளை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் அந்த வழக்கில் ஏதோ தடை உத்தரவு கிடைத்தது என்று எல்லாருக்கும் பால்கோவா வாங்கிவந்து, எனக்கும் ஒரு பொட்டலம் வைத்தார். கிள்ளி வாயில் போட்ட கொஞ்சத்துக்கே வயிறு புரட்டியது. அழுகை வந்தது. எதற்கு அழுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. பக்கத்து மெஷினில் இருந்தவர்கள், இவளுக்குப் பால்கோவா கொடுத்தாலும் கோபம் வருகிறது என்று சிரித்தார்கள்.

கிட்னி டாக்டர் சொன்ன அளவுக்கு எடை வந்துவிட்டது. கிட்னி கொடுப்பவர்களுக்கான பரிசோதனைக்கு மதுரைக்கு வரச் சொன்னார்கள். தம்பியும் அவன் பெண்டாட்டியும் கூட வந்தார்கள். எடை பார்த்த நர்ஸ், "சூப்பர்மா" என்றாள். அடுத்தது ஈசிஜி. படுக்கவைத்து ஒயர்களை ஒட்டினார்கள். தாள் நீள நீளமாக வந்தது. எடுத்தவள் அதைப் பார்த்தாள், மறுபடி எடுத்தாள், பிறகு வேகமாக வெளியே போனாள்.

இதயம் தாறுமாறாகத் துடிக்கிறது என்றார்கள். வேகம் அதிகம், ஒழுங்கும் இல்லை. கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்கள், கையை நீட்டச் சொன்னார்கள், விரல்கள் ஆடின. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டு, தைராய்டு டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் ஒரு பெண் டாக்டர். பையில் வைத்திருந்த பழைய தாளை அவரிடம் நானாகவே நீட்டினேன்.

"தைராய்டு எல்லாம் குறைஞ்சிருச்சு டாக்டர். அதுல பிரச்சினை இல்ல."

அவர் தாளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"குறைஞ்சிருக்குன்னு யாரும்மா சொன்னது?"

"எல்லாரும்தான்."

"இந்த நம்பர் தைராய்டு இல்லம்மா. தைராய்டை வேலை பாக்கச் சொல்லி மூளை போடற சத்தம் இது. உடம்புல தைராய்டு நீர் பத்தலைன்னா மூளை சத்தத்தைக் கூட்டும், நம்பர் ஏறும். தேவைக்கு மேல இருந்தா வாயை மூடிக்கும், நம்பர் இறங்கிரும். உங்களுக்கு மூளை சுத்தமா வாயை மூடியிருக்கு. அப்படின்னா உடம்பு முழுக்க மருந்து வழியுதுன்னு அர்த்தம்."

"பத்து வருஷமா இதே மாத்திரைதான டாக்டர் சாப்பிடறேன்?" என்றேன்.

"பத்து வருஷமா இருந்த உடம்பு இப்ப இல்லையே. பத்துப் பேர் சோத்துக்குப் போடற உப்பை ஆறு பேர் சோத்துக்குப் போட்டா என்ன ஆகும்? இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் நிறையப் பேருக்கு மாத்திரையைக் குறைக்க வேண்டி வரும். சிலருக்கு மருந்து சரியா உறிஞ்சாம கூட்டவும் வேண்டி வரும். அதனாலதான் தாளோட வரச் சொல்றது. மூணாம் மாசமே வந்திருந்தா அன்னைக்கே அளவை மாத்தியிருப்போம்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லி ஆறியிருப்பேன். மாத்திரையைப் பாதிக்குப் பக்கமாகக் குறைத்தார். இதயத்துக்குத் தனியாக மருந்து எழுதினார்கள். ரத்தத்தில் தைராய்டு அளவு சரியாகச் சில வாரங்கள் ஆகும், இதயம் ஒழுங்குக்கு வந்து அப்படியே நிற்கிறதா என்று அதற்குப் பிறகும் சில மாதம் பார்க்க வேண்டும், அதுவரை கிட்னி எடுக்கிற பேச்சே இல்லை என்று கிட்னி டாக்டர் சொல்லிவிட்டார். தம்பி அவர் சொன்னதை நின்றுகொண்டே கேட்டான்.

அன்று சாயங்காலமே பஸ் ஏறித் திரும்பினோம். கிருஷ்ணன்கோவில் தாண்டின பிறகு தம்பி மெதுவாகச் சிரித்தான்.

"யக்கா, அப்ப நாம அர்ச்சனை பண்ணுனது கூடுனதுக்கா?"

"ஆமாலே."

"ஆண்டாளுக்காவது வெவரம் தெரிஞ்சிருக்கும். சொல்லியிருக்கலாம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் என் மணிக்கட்டைப் பிடித்து, நாடி பார்க்கிறவன் மாதிரி விரலை வைத்துக்கொண்டான். "இப்ப எப்படி அடிக்குது ஒனக்கு?" என்று கேட்டான். கிட்னி இல்லாமல் கிடக்கிறவன் என்னிடம் கேட்கிறான். எனக்கு என் மேல் வந்த ஆத்திரத்தில் கையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன்.

மாத்திரை குறைந்ததும் ஒரேயடியாக எல்லாம் சரியாகிவிடவில்லை. முதலில் வேர்ப்பது நின்றது. பிறகு தூக்கம் வந்தது. விரல் நடுக்கம் போய் எழுத்துகள் ஒழுங்காக விழுந்தன. அந்த வக்கீலிடம் போய், அன்று பேசினது நான் இல்லை சார், மாத்திரை என்றேன். அதற்கு முன்னாடி பதினைந்து வருஷம் பேசினதும் மாத்திரையா என்று கேட்டார். நெஞ்சு மட்டும் சண்டித்தனம் பண்ணியது. சில நாள் அடங்கும், திடீரென்று கண்ணியில் மாட்டின குருவி மாதிரி அடிக்கும். தேதி தள்ளிப்போயிற்று. மறுபடி தள்ளிப்போயிற்று. நான் தேறிக்கொண்டிருந்தேன், அவன் கரைந்துகொண்டிருந்தான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதை நேரில் பார்த்துவிட்டு வந்தேன்.

மழைக்குப் பிறகு செண்பகத்தோப்பு ஓடையில் தண்ணீர் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, போகணும் என்றான் தம்பி. ஆட்டோ பிடித்துப் போனோம். அவன் பெண்டாட்டி கீழே இறங்கிக் கால் கழுவினாள். கழுத்துக் குழாய் நனையக்கூடாது என்று அவன் கரையில் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டான். நானும் அவனோடு உட்கார்ந்தேன்.

"நான் போயிட்டேன்னா நீ ஒன்னய வையக்கூடாது" என்றான்.

"ஏலே, வாயக் கழுவு."

"நெசமாத்தான் சொல்லுதேன். ஒனக்கு வையிறதுக்கு ஆள் வேணும். ஆள் கெடைக்கலன்னா ஒன்னயவே வைவ. வேணும்னா எம் பொண்டாட்டிய வையி. அவ தாங்கிக்கிடுவா."

நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்குப் பயமாக இருந்தது. அவ்வளவு பயத்தை அதற்கு முன் நான் அறிந்ததில்லை.

கடைசியில் என் ஈசிஜி ஒழுங்காக வந்தது. அதற்கடுத்த தடவையும் ஒழுங்காக வந்தது. தைராய்டு தாளில் எண் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மீதிப் பரிசோதனைகளை முடித்துவிடலாம் என்று மதுரையில் நாள் கொடுத்தார்கள். அந்த நாளுக்கு முந்தின வாரம் தம்பி டயாலிசிஸில் இருந்தபோது குளிர் காய்ச்சல் வந்தது. பல் கிட்டி உடம்பு தூக்கிப் போட்டது. குழாய் வழியாக ரத்தத்தில் கிருமி சேர்ந்துவிட்டது என்று மதுரைக்கு அனுப்பினார்கள். நான் என் பரிசோதனைக்கு எடுத்துவைத்திருந்த பையோடு அவனுடன் ஆம்புலன்ஸில் ஏறினேன். வழியிலேயே அவனுக்கு நினைவு தப்பியது, திரும்பவே இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம் போய்விட்டான்.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் சொந்தபந்தம் எல்லாம் வந்திருந்தது. அவன் பெண்டாட்டியை உள்ளறையில் உட்கார வைத்திருந்தார்கள். காரியம் முடிகிறவரை அவள் வெளியே வரக்கூடாது என்பது எங்களில் வழக்கம். நான் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். என்னைப் பல வருஷம் பார்த்திராத ஒரு பெரியம்மா, தூரத்துச் சொந்தம், இலையிலிருந்து நிமிர்ந்து என் கையைப் பிடித்தாள்.

"ஏட்டி, நீயா? அடையாளமே தெரியல. எங்க பண்ணுன ஆபரேஷன்? எம் மகளுக்கும் பண்ணணும்னு சொல்லிக்கிட்டிருக்கா."

"அவ தைராய்டு மாத்திரை போடுதாளா பெரியம்மா?"

"ஆமா, அது கெடக்கு."

"அது கெடக்கக்கூடாது. ஆபரேஷன் முடிஞ்சு எடை எறங்கும்போது டாக்டர்ட்ட காட்டிக் காட்டி அளவ மாத்தணும். தாள்ல நம்பர் கொறைஞ்சா நல்லதுன்னு நெனைச்சு வீட்டுல இருந்துரக்கூடாது. கட்டாயம் போகச் சொல்லுங்க."

நான் அவ்வளவு நிதானமாக யாரிடமும் பேசினதில்லை. அவள் பாதிதான் கேட்டாள். மாலை போட்ட படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"என்னமோ போ. அழகுக்கு வயித்த அறுத்துக்கிட்டவ, கூடப் பொறந்தவனுக்கு ஒரு கிட்னியக் குடுத்திருந்தா இன்னைக்கு அவன் இருந்திருப்பான்ல?"

அத்தனை பேரும் என் வாயைப் பார்த்தார்கள். எனக்கு வாயே இல்லை. கையில் செம்பு இருந்தது, அவள் டம்ளர் நிறைந்து இலையில் வழிந்துகொண்டிருந்தது, செம்பை நிமிர்த்த எனக்குத் தோன்றவில்லை.

உள்ளறைக் கதவு திறந்தது. தம்பி பெண்டாட்டி வெளியே வந்தாள். யாரோ, "ஏட்டி, நீ வரக்கூடாது, உள்ள போ" என்றார்கள். அவள் காதில் வாங்கவில்லை. பந்திக்கு நடுவில் நடந்து வந்து என் கையிலிருந்த செம்பை வாங்கிக்கொண்டாள்.

"மதினி அழகுக்கு அறுக்கல பெரியம்மா. அவியளுக்குக் கிட்னி குடுக்கத்தான் அறுத்தாவ. மதினி குடுத்துட்டாவ. வாங்கிக்கிடத்தான் ஆள் இல்லாமப் போச்சு."

சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போய்த் தண்ணீர் ஊற்றினாள். நான் பந்தி நடுவில் அப்படியே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அவன் செத்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை.